அலமாரியில் வெடித்த பாட்டில்

எங்கள் வீட்டில் புத்தகமும் ஒயினும் முதன்முதலில் சேர்ந்தது ஒரு விபத்தில்தான். மது என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சிவக்கும் பெரியப்பாவுக்குப் பயந்து, அம்மா தன் கிறிஸ்துமஸ் ஒயின் பாட்டில்களைப் புத்தக அலமாரியில், பின்வரிசையில் ஒளித்துவைத்திருந்தார். நொதிப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை. மூடிகளை முறுக்கி இறுக்கியது நான். நள்ளிரவில் படாரென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால், டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' அட்டை முதல் கடைசிப் பக்கம்வரை ஊதா நிறத்தில் ஊறிக் கிடந்தது.

காயவைத்து எடுத்தேன். இன்றும் அந்தப் பிரதியைத் திறந்தால் கிராம்பு மணக்கிறது. அன்றிலிருந்து, டிசம்பர் 25க்கும் புத்தாண்டுக்கும் இடையிலான தூத்துக்குடி விடுமுறையில் எந்தப் புத்தகத்துக்கு எந்தப் பானம் என்று யோசிப்பதே எனக்குப் பாதிக் கொண்டாட்டம்.

அம்மாவின் ஒயினுக்குக் கம்பம் பன்னீர் திராட்சைதான் வேண்டும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, பீங்கான் ஜாடியில் கையால் நசுக்குவார். சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. ஜாடியின் வாயைத் துணியால் கட்டிவிட்டு, தினமும் மரக் கரண்டியால் ஒரு கிளறல். 21ஆம் நாள் வடிகட்டுவார். நல்ல இனிப்பு, ஒயின் அறிந்தவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அப்பா அதை ஒயின் என்று சொல்லவே மாட்டார். அவருக்கு அது 'திராட்சரசம்'. வயிற்றுக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள் என்று பைபிளில் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு இரண்டாவது டம்ளரை நீட்டுவார்.

1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்த அந்த 'கிறிஸ்துமஸ் கேரல்' குறுநாவலின் கடைசிப் பகுதியில் ஒரு பானம் வருகிறது. திருந்திவிட்ட கஞ்ச முதலாளி ஸ்குரூஜ், தாமதமாக வேலைக்கு வந்த தன் எழுத்தர் பாப் கிராட்சிட்டைத் திட்டுவதுபோல் நடித்து, சட்டென்று சம்பள உயர்வை அறிவிக்கிறான். மற்றதை அன்று பிற்பகலில் 'ஸ்மோக்கிங் பிஷப்' (ஆவி பறக்கும் பேராயர்) குடித்துக்கொண்டே பேசலாம் என்கிறான். கிராம்பு குத்திச் சுட்ட ஆரஞ்சுப் பழங்களை ஒயினில் ஊறவைத்து, போர்ட் ஒயினும் சேர்த்துச் சூடாக்கும் பானம் அது. போப், கார்டினல் என்ற பெயர்களிலும் அதற்குப் பங்காளிகள் உண்டு.

போன கிறிஸ்துமஸில் செய்து பார்த்தேன். இரண்டு கமலா ஆரஞ்சுகளில் ஐந்தைந்து கிராம்பு குத்தி, கத்தரிக்காய் சுடுவதுபோல அடுப்புத் தீயில் திருப்பித் திருப்பிச் சுட்டேன். தோல் கருகியபோது எழுந்த எண்ணெய் வாசம் வாசல்வரை போனது. பிறகு அம்மாவின் ஒயினில் போட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்கினேன். போர்ட்டுக்கு எங்கே போவது? எட்டிப் பார்த்த அப்பாவிடம் பெயரைச் சொன்னேன். "பேராயரைப் போய் அடுப்பில் ஏற்றுகிறாயே!" என்றார். சிஎஸ்ஐ சபைக்காரருக்கு இது சின்ன விஷயமா? லண்டன் குளிருக்கான பானத்தைத் தூத்துக்குடிப் புழுக்கத்தில், மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டு குடித்தேன். லேசான கசப்பு, அடித்தொண்டையில் கிராம்பின் எரிவு. அருமை. மறுபடி செய்வேன், ஆனால் ஊட்டியில். தொட்டுக்கொள்ள மக்ரூன் வேண்டாம். துகள் பக்கங்களுக்குள் புகுந்துவிடும்.

பி.எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' நாவலுக்குச் சர்க்கரை போடாத கடுந்தேநீர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆசை காட்டி ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போகப்பட்ட குடும்பங்களின் கதை அது. நூறு பக்கம் தாண்டியதும் தேநீர் இறங்கவில்லை. பொருத்தம் மிகச் சரியாக அமைந்துவிட்டால் இப்படியும் ஆகும்.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' நாவலுக்குத்தான் இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. எங்கள் பக்கத்துக் கடல் என்பதால் கருப்பட்டிக் காப்பி என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் புயலில் சிக்கிய மூவர் நடுக்கடலில் தத்தளிக்கும் இடம் வந்தபோது, காப்பியை நகர்த்திவிட்டு ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டேன். டிசம்பர் 31 இரவு, ஆராதனைக்குக் கிளம்பச் சொல்லி அம்மா மூன்று முறை கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லை. சொம்பு காலியாகிவிட்டிருந்தது. சாயங்காலம் அவர் ஊற்றிவைத்த ஒயின் அப்படியே இருந்தது. அதில் இரண்டு எறும்புகள் மிதந்துகொண்டிருந்தன.