எனக்கு 700 ரூபாய் இன்சோல், அம்மாவுக்கு அச்செடுத்துச் செய்தது

குலசேகரம் பக்கம் எங்களுக்கு 250 ரப்பர் மரம் இருக்கிறது. ஆள் வைக்காமல் நானே பால் வெட்டுகிறேன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் மரத்துக்கு மரம் சரிவில் ஏறி இறங்க வேண்டும். பால் எடுத்து ஷீட் அடித்து முடிக்கும்போது பதினோரு மணி தாண்டிவிடும். பல வருடமாக இத்தனையும் வார் செருப்பில்தான்.

போன வருடம் வலது குதிகாலில் வலி தொடங்கியது. கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறியதுபோல் இருக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும். வெட்டிவிட்டு வந்து சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே குத்து.

ஒரு கடையில் என்னைக் கண்ணாடிமேல் நிற்க வைத்து, பாதத்தைக் கம்ப்யூட்டரில் கலர் கலராகக் காட்டினார்கள். தட்டைப் பாதமாம்; ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோலை அளவெடுத்துச் செய்து போடாவிட்டால் இரண்டு வருடத்தில் நடக்கவே முடியாதாம். விலை 9,000 ரூபாய். பயத்தில் முன்பணம் எடுக்கப் போனேன். மனைவிதான், "முதல்ல டாக்டர்ட்ட காட்டுவோம்" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். வலியோடு வருகிறவர்களை இப்படிப் பயமுறுத்தி விற்பது தப்பு.

நாகர்கோவிலில் எலும்பு டாக்டர் குதிகாலின் உள்பக்கத்தை விரலால் அழுத்தியதும் துள்ளிவிட்டேன். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை பாதத்தின் அடியில் போகிற நார்ப்பட்டைக்கு பிளாண்டர் ஃபேசியா என்று பெயர். எலும்போடு அது சேருகிற இடத்தில்தான் வலி. எக்ஸ்ரேயில் சின்னதாக எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு என்றார். தட்டைப் பாதம் பற்றிக் கேட்டேன். நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நின்றதும் உள்பக்கம் வளைவு எழும்பியது.

"பாத்தீங்களா, கால் இறுகிப் போகல. சாதா இன்சோல் போடுங்க. மூணு மாசத்துல கேக்கலேன்னா அப்புறம் அளவெடுக்கலாம்."

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் இதே வலி உள்ள 135 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியாகியிருக்கிறது. அளவெடுத்துச் செய்தது, கடையில் கிடைப்பது இரண்டும் மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உதவின. ஒரு வருடம் கழித்து, வெறும் மெல்லிய நுரை போட்டவர்களோடு ஒப்பிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைப் படித்தபிறகு மனம் லேசானது.

கடையில் முதலில் கை போனது ஜெல் இன்சோல்மேல். மெத்தென்று இருந்தது, ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் அடிவரை அமுங்கியது. பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தது வேறு: வளைவுப் பகுதி விறைப்பாக நிற்க வேண்டும், விரல் பக்கம் மட்டும் வளையலாம், குதிகால் உட்காரக் கிண்ணம்போல் குழி வேண்டும். அப்படி ஒன்று 700 ரூபாய்க்குக் கிடைத்தது. அதை வார் செருப்பில் எப்படி வைப்பது? கயிறு கட்டும் கேன்வாஸ் ஷூவும் வாங்க வேண்டியதாயிற்று. அதில் ஏற்கெனவே இருந்த இன்சோலை உருவிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும், இல்லையென்றால் குதிகால் மேலே தள்ளிக்கொண்டு வரும். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மழையில் நனைந்தால் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரையில் வைக்காமல் திண்ணையிலேயே காற்றாட வைப்பேன், சூட்டில் கோணிவிடும்.

கூடவே பயிற்சி. கட்டிலை விட்டு இறங்குமுன் கால்விரல்களைப் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணி விடுவேன், பத்துத் தடவை. தோட்டத்தில் முதல் மரத்தில் இரண்டு கையையும் ஊன்றி, காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைக்காலை இழுப்பேன். மூன்றாம் மாதம் முதல் அடி வலி நின்றது.

அம்மா விஷயம் வேறு. 18 வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் தரையில் ரத்தத் தடம் பார்த்துப் பதறிப்போய்க் காலைத் தூக்கிப் பார்த்தால், உடைந்த சிரட்டைத் துண்டு குத்தியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவே இல்லை.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். பெருவிரலுக்குக் கீழே காய்ப்புப் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் இழை வளைந்து நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா என்னிடம், "இன்னும் தொடங்கலியா மக்ளே?" என்று கேட்டார்.

அங்கே நான் பேரம் எதுவும் யோசிக்கவில்லை. கடை இன்சோல் எங்காவது அழுத்திப் புண்ணாக்கினாலும் அம்மாவுக்குத் தெரியாது; மூன்று மாதம் போட்டுப் பார்ப்போம் என்று விட முடியாது. புண் ஆறியபிறகு திருவனந்தபுரத்தில் நுரைப்பெட்டியில் பாதத்தை அழுத்தி அச்செடுத்தார்கள். காய்ப்பு இருக்கும் இடத்தில் பாரம் விழாதபடி குழித்து, மேலே மிருதுவான அடுக்கு வைத்து, எம்சிஆர் என்கிற, நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பரில் பின்வார் உள்ள செருப்பாகவே செய்து தந்தார்கள். 6,500 ரூபாய். நாள்பட்டால் அந்த அடுக்கு அமுங்கிப்போகும், மாற்ற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்குள்ளும் அம்மா அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார். ராத்திரி படுக்குமுன் நான் பால்வெட்டு லைட்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அந்த இரண்டு பாதத்தையும் விரலிடுக்குவரை பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவேன்.