நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?

2020 ஜூன் மாதம். மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தட்டம்மைத் தடுப்பூசிக்குத் தேதி குறித்த அட்டையை அலமாரியின் மேல்தட்டில், துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். கண்ணில் பட்டால்தானே உறுத்தும்?

வாசலைத் தாண்டுவதே ஆபத்து என்று நம்பியிருந்த காலம் அது. ஊசி போடுமிடம் என்றால் நோயாளிகள் வருமிடம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவதா? கொரோனா கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நானும் மனைவியும் பேசி முடிவுசெய்திருந்தோம். குழந்தைகள் நல மருத்துவரிடமிருந்தே அழைப்பு வந்தது. காரணத்தைச் சொன்னேன்.

"நீங்க காத்திருக்கலாம். தட்டம்மை காத்திருக்காதே" என்றார்.

எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பலாம். அவர் இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அந்தக் கிருமி 2 மணி நேரம் வரை தங்கியிருக்கும். ஊர் முழுக்கப் பெற்றோர் எங்களைப் போலவே தள்ளிப்போட்டால், ஊரடங்கு தளர்ந்ததும் முதலில் கிளம்புவது அதுதான் என்றார். பிறகு ஒரு செய்தி படித்தேன். 2020-இல் உலகம் முழுவதும் 2 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு முதல் தட்டம்மை ஊசி தவறியிருந்ததாம், முந்தைய ஆண்டைவிட 30 லட்சம் அதிகம். அந்தக் கணக்கில் ஒன்று கூடாமல் போனது அந்த ஒரு அழைப்பால்தான்.

போய்வந்த கதை சிரிப்பானது. காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார்கள். காய்ச்சல், இருமல் உள்ள குழந்தைகளுக்கு வேறு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் வரலாம், உள்ளே கூப்பிடும்வரை வெளியிலேயே நிற்கலாம். நான் மகனுக்குப் பொம்மை போட்ட குட்டி மாஸ்க் மாட்டி, தலைக்கு மேல் கண்ணாடித்தாள் போல ஒன்றைப் போர்த்திக் கொண்டுபோனேன். மருத்துவர் முதல் வேலையாக இரண்டையும் கழற்றினார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம். மூச்சு முட்டினால் தானாகக் கழற்றத் தெரியாது. கண்ணாடித்தாள் அதைவிட மோசம். குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் பெரியவர்கள் ஒழுங்காக மாஸ்க் போட்டால் போதும் என்றார். என் மாஸ்க் அப்போது மூக்குக்குக் கீழே இருந்தது.

ஊசி போட்டு வெளியே வரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வாரம் பயந்தது இதற்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு காரியம் செய்தேன். மூத்தவள் கைக்கு எட்டும்படி தாழ்ந்த மேசையில் வைத்திருந்த சானிடைசரை எடுத்து உயரத்தில் வைத்தேன். வேலை செய்யும் சானிடைசரில் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்கும், பழ வாசனை வேறு; குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே ஆபத்து. வீட்டில் இருக்கும்போது சோப்பும் தண்ணீரும் போதும், 20 விநாடி. இதையும் மருத்துவர் போகிறபோக்கில்தான் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. 39 டிகிரி செல்சியஸ், தொண்டை வலி, சோர்வு. பரிசோதனையில் கொரோனா உறுதியானது. வீடியோ அழைப்பில் மருத்துவர் அவளைப் பார்த்தார், பேசவைத்தார், சட்டையைத் தூக்கச் சொல்லி நெஞ்சைக் காட்டச் சொன்னார். "வீட்லயே பாத்துக்கலாம். ஆனா நீங்க ஒரு நோட்டு போடணும்" என்றார்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் கையெழுத்து நடுங்கியிருக்கிறது.

எழுத வேண்டியவை மூன்றே மூன்று: காய்ச்சலும் மருந்தும், எத்தனை முறை சிறுநீர் கழித்தாள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அழும்போதோ ஓடிவந்தவுடனோ எண்ணக்கூடாது. காய்ச்சல் ஏறியிருந்தால் மூச்சும் வேகமாகத்தான் இருக்கும். மருந்து வேலை செய்து சூடு இறங்கிய பிறகு, தூங்கும்போது, முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைகளிடம் சரிவராது, அவர்கள் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை. மகள் வயதுக்கு 30-ஐத் தாண்டினால் கூப்பிடுங்கள் என்றார். தம்பிக்கும் தொற்றினால் அவனுக்கு எல்லை 40, ஏனென்றால் ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை அந்தக் கணக்கு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருந்திருந்தால் 50. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, அழைப்புகூட வேண்டாம், நேராக மருத்துவமனை.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரும் வாங்கியிருந்தேன். முதல் இரவு அது 88 என்று காட்டியதில் எனக்குக் கைகால் ஓடவில்லை. விரல் சில்லென்று இருந்திருக்கிறது, நகத்தில் அவளே பூசிக்கொண்ட நகப்பூச்சு வேறு. துடைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தால் 98. மூச்சை எண்ணச் சொன்னது ஏன் என்று அப்போது புரிந்தது.

மருந்தில் ஒரு தப்பு நடக்கவிருந்தது. பாராசிட்டமால் அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். மகள் 22 கிலோ, ஆகவே ஒரு வேளைக்கு 220 முதல் 330 வரை. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 5 மில்லி கொடுத்தால் கணக்கு சரி. நான்கிலிருந்து ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போகக்கூடாது. மூன்றாம் நாள் இரவு மகனுக்கும் உடம்பு சுட்டது. தூக்கக் கலக்கத்தில் அதே புட்டியை எடுத்து அதே 5 மில்லியை ஊற்றிவிட்டேன். அவன் 10 கிலோ, அவனுக்கு அதிகபட்சம் 150தான். வாயருகே கொண்டுபோனபோது மனைவி, "நோட்டுல எழுதிட்டு குடுங்க" என்றாள். எழுத உட்கார்ந்தபோதுதான் எண் உதைத்தது. அன்றிலிருந்து இரண்டு புட்டியிலும் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டினோம், சமையலறைக் கரண்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு அளவுக் குழலைப் பயன்படுத்தினோம். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். வைரஸ் காய்ச்சலின்போது அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு வழிவிடலாம்.

நான்காம் நாள் மனைவிக்கும் இருமல். மகன் அப்போதும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தான். நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கு மருத்துவர் கொஞ்சம் கோபமாகவே, "அவனுக்கு இப்பதான் அது அதிகமா வேணும்" என்றார். கை கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது என்றார். பாலைவிட, முகத்துக்கு நேரே இருமுவதுதான் பிரச்சினை.

மகளோடு அறையில் நான் இருந்தேன். ஏழு வயதுப் பிள்ளையைத் தனியே பூட்டிவைத்துக் கதவுக்கு வெளியே தட்டு வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க் போடுங்கள், கூடவே இருங்கள் என்றார். இரண்டாம் நாள் அவள், "நான் சாகப் போறேனாப்பா?" என்று கேட்டாள். வீட்டில் ஓடிக்கொண்டே இருந்த செய்தித் தொலைக்காட்சியில் எண்களை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளுக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்தேன். என் நெஞ்சில் கை வைத்து எண்ணி, "உங்களுக்குப் பதினாறு" என்று நோட்டில் தன் கையால் எழுதினாள். அந்தப் பக்கத்தில் நிறையப் பூக்கள் வரைந்திருக்கிறாள்.

அவளுடைய மூச்சு 26-க்கு மேல் போகவேயில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மகனுக்கு இரண்டே நாள்.

முடிந்தது என்று நினைத்தேன். மருத்துவரோ நோட்டை மூடாதீர்கள் என்றார். சில குழந்தைகளுக்குத் தொற்று போய் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் உடல் முழுக்க அழற்சி வரலாம். மீண்டும் காய்ச்சல், தோலில் தடிப்பு, கண் சிவப்பு, கடும் வயிற்று வலி, வாந்தி. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் மருத்துவர்கள் முதலில் கவனித்துச் சொன்னது. அரிதுதான், ஆனால் வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மூன்றாவது வாரத்தில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காய்ச்சல் பார்த்தேன், இல்லை. கண் வெள்ளையாகத்தான் இருந்தது. தோலில் ஒன்றும் இல்லை. இருந்தும் அரை மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தோம். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது மலம் கழித்தாள் என்று கேட்டார். நான் நோட்டைப் புரட்டினேன். சிறுநீர், காய்ச்சல், மூச்சு, தம்பியின் மருந்து, ஏன் என் மூச்சுகூட இருந்தது. அது மட்டும் இல்லை.

"நாலு நாளாச்சு" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு.