ஓகஸ்டில் பூட்டிய கதவுகள்

பாரிஸ், 2023 ஓகஸ்ட் 5

தெரு முனையிலுள்ள பாண் கடையின் இரும்புக் கதவு இன்று காலை இறக்கப்பட்டிருந்தது. கையால் எழுதிய தாளொன்று அதில் ஒட்டப்பட்டிருந்தது: வருடாந்த விடுமுறை, ஓகஸ்ட் 5 முதல் 27 வரை. அதன் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், திறந்திருக்கும் வேறு இரண்டு பாண் கடைகளின் முகவரிகள். தன் வாடிக்கையாளரைப் போட்டிக் கடைக்கு வழிகாட்டிவிட்டுப் போகிற அந்த எழுத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றேன்.

முன்பெல்லாம் பாரிஸில் பாண் கடைக்காரர் நினைத்த நேரத்தில் பூட்டிவிட முடியாது. நகரம் பாணின்றித் தவிக்கக் கூடாது என்பதற்காக, ஒரு பகுதியினர் யூலையிலும் மறு பகுதியினர் ஓகஸ்டிலும் விடுமுறை எடுக்க வேண்டும் என அதிகாரிகள் முறை வகுத்திருந்தார்கள். 2015 கோடையிலிருந்து அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஓகஸ்ட் 9

பிரெஞ்சுக்காரர் சோம்பேறிகள் என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது. 1936 மே, யூன் மாதங்களில் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே தங்கி வேலைநிறுத்தம் செய்ததால்தான், பிரதமர் லியோன் ப்ளூமின் அரசு அந்த யூன் மாதத்தில் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. துணை அமைச்சர் லியோ லக்ராஞ் மலிவு விலையில் ரயில் பயணச்சீட்டுக் கிடைக்க வழிசெய்ய, அந்தக் கோடையில் கடலை முதன்முதலாகக் கண்டவர்கள் பலர். மூன்றாவது வாரம் 1956இலும், நான்காவது 1969இலும், ஐந்தாவது 1982இலும் வந்து சேர்ந்தன.

உணவகத்தில் சேர்ந்த முதல் வருடம், விடுமுறைக்குப் பதிலாகக் காசைத் தரும்படி முதலாளியிடம் கேட்டேன். வேலையில் இருக்கும்வரை அப்படித் தரச் சட்டம் இடங்கொடுக்காது என்றார். விடுமுறையில் வேறிடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்வதும் கூடாதாம். களைப்பை விற்றுக் காசாக்க முடியாத நாடொன்று உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஓகஸ்ட் 14

நாளை மரியாளின் விண்ணேற்புத் திருநாள். ஞாயிறுக்கும் அதற்கும் இடையில் சிக்கிய இந்தத் திங்களையும் விடுமுறையாக்கிக்கொள்வதைப் ‘பாலம் போடுதல்’ என்கிறார்கள். எங்கள் தெருவில் கார்ச் சத்தமே இல்லை.

ஓகஸ்ட் 20

பாரிஸின் லா சப்பல் பகுதியில் நம்மவர் கடைகள் எல்லாம் திறந்திருக்கின்றன. முழங்கால் நோவோடு அரிசி மூட்டை இழுத்துக்கொண்டிருந்த பலசரக்குக் கடை அண்ணையிடம், ஒரு கிழமையாவது பூட்டக் கூடாதா என்று கேட்டேன்.

“வாடகையை ஆர் தம்பி கட்டுறது? பிள்ளையார் தேருக்குச் சனமும் வரும்.”

அவர் சொல்வது நியாயம்தான். 1936இன் சட்டம் சம்பளம் வாங்குபவருக்கானது, கடை உடையவருக்கு விடுமுறைச் சம்பளம் தர யாருமில்லை. ஆனால் பாண் கடைக்காரருக்கும் வாடகை உண்டு. தெருவில் பாதிப்பேர் ஊரில் இல்லாததாலும், தன் வேலையாளுக்கு விடுமுறை கொடுத்தே ஆக வேண்டியதாலும், விடியுமுன் அடுப்பு மூட்டும் தன் உடம்புக்காகவும் அவர் அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 28

கதவு ஏறியிருந்தது. வெயிலில் கறுத்திருந்த கடைக்கார மதாம், எங்கே போனீர்கள் என்று கேட்டார். எங்கும் போகவில்லை என்றதும், உடம்புக்கு ஏதுமோ என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். சூடான பகெட் பாண் இரண்டு வாங்கினேன், ஒன்று அண்ணைக்கு.