பில்லை ஏலத்தில் விற்றுப் பணம் வாங்குவது: ஓசூர் சிறு பட்டறைகளுக்கு எங்கள் ட்ரெட்ஸ் அனுபவம்

ஓசூரில் கணினி இயக்கும் இயந்திரத்தில் பாகம் கடையும் ஒரு சிஎன்சி பட்டறை 4,80,000 ரூபாய்க்கு உதிரிபாகம் அனுப்பினால் அதில் 73,220 ரூபாய் ஜிஎஸ்டி. வாங்கியவர் பணம் கொடுத்தாரா இல்லையா என்று அந்த வரி காத்திருக்காது. மாதாந்திர ரிட்டர்ன் போடுபவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சிறியவர்களும் இடைப்பட்ட மாதங்களில் 25ஆம் தேதிக்குள் வரியைச் செலுத்த வேண்டும். பிரைட் பார் (இரும்புக் கம்பி) கொடுக்கும் கடைக்காரர் ரொக்கம் கேட்பார், ஆபரேட்டர் சம்பளம் 7ஆம் தேதி. வாங்கும் கம்பெனியின் பணம் மட்டும் 60 நாள், 75 நாள், சில சமயம் 90 நாள். ஜூஜூவாடியிலும் மூக்கண்டப்பள்ளியிலும் பட்டறை நடத்தும் பெரும்பாலானோருக்கு இதுதான் நிலைமை. இந்த இடைவெளியை ட்ரெட்ஸ் என்ற பில் ஏலத் தளம் வழியாக நாங்கள் அடைத்த விதத்தை, எங்கெங்கே சிக்கியது என்பதோடு சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம், எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சேர்ந்த நாளிலேயே ஏற்கப்பட்டதாகக் கணக்கு. தவணை தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. 2025 டிசம்பரில் வங்கி விகிதம் 5.50 ஆனது, அந்தக் கணக்கில் வட்டி 16.5 சதவீதம். அந்த வட்டியை வாங்குபவர் வருமான வரியில் செலவாகவும் காட்ட முடியாது. அரசின் இணையதளத்தில் புகார் போட்டால் மாநில வசதி மன்றம் விசாரிக்கும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போனால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

காகிதத்தில் இதைவிடக் கடுமையான சட்டம் எழுத முடியாது. ஆனால் அடுத்த மாத பிஓ (கொள்முதல் ஆணை) எதிர்பார்க்கும் எந்தப் பட்டறையும் தன் வாடிக்கையாளர் மீது இதைப் பயன்படுத்துவதில்லை. உறவு முறிந்த பிறகு, பழைய பாக்கியை வசூலிக்கத்தான் இது உதவும். அதற்கு நல்ல கருவி, மறுக்கவில்லை. நடப்பு வியாபாரத்தில் பணம் புரட்ட இது வழியல்ல.

அடுத்து வந்தது வருமான வரிப் பிடி. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த, வருமான வரிச் சட்டத்தின் 43பி(ஹெச்) பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை மேலே சொன்ன 45 அல்லது 15 நாள் கெடுவுக்குள் தராமல் ஆண்டு முடிவில் பாக்கி வைத்தால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்கலாம். இதனால் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் பழைய பில்கள் நகர்ந்தது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது. இந்த விதி நடுத்தர நிறுவனங்களுக்குப் பொருந்தாது, உத்யம் எனும் அரசின் சிறுதொழில் பதிவு இல்லாதவர்களுக்கும் பொருந்தாது. அதனால் "நீங்க உத்யம்ல இருக்கீங்களா, எந்த வகை?" என்ற கேள்வி வெண்டார் (சரக்கு கொடுப்பவர்) படிவத்திலேயே ஏறியது. சிறியவனிடம் வாங்குவதற்கு மட்டும் கூடுதல் சுமை வைத்தால், வாங்குபவர் சுமை இல்லாத இடத்தைத் தேடுவார். பாதுகாக்கப் போட்ட வேலி சில இடங்களில் பாதையை அடைத்துவிட்டது. விலையையோ தவணையையோ சட்டத்தால் பூட்டும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு பக்கவிளைவு வரும். அதைக் கணக்கில் எடுக்காமல் சட்டம் போடுவது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வலிக்கிறது.

இனி வேலை செய்த வழி. ட்ரெட்ஸ் என்பது பில்லை ஏலம் விடும் மின்தளம். 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகிய மூன்றும் முதலில் வந்தவை. மெக்சிகோவில் அரசு வளர்ச்சி வங்கியான நஃபின் 2001இல் தொடங்கிய திட்டம் இதற்கு முன்மாதிரி. சரக்கு விற்றவர், வாங்கியவர், பணம் போடும் வங்கி அல்லது என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) என மூன்று பேர். வாங்கியவர் பில்லை ஏற்றுக்கொண்டால், அந்தப் பில்லுக்குப் பல நிதியாளர்கள் போட்டிபோட்டு வட்டி கேட்பார்கள். குறைந்த வட்டியை விற்றவர் ஏற்றால் மறு வேலை நாளில் பணம் கணக்கில் விழும். கெடு நாளில் வாங்கியவரின் கணக்கிலிருந்து நிதியாளருக்குப் பணம் போகும். வாங்கியவர் தவறினாலும் நிதியாளர் விற்றவரிடம் திரும்பி வர முடியாது. சாதாரண பில் டிஸ்கவுண்டிங்கில் வாங்கியவர் தவறினால் வங்கி நம் கழுத்தைப் பிடிக்கும், இங்கே பிடிக்காது. அடமானமும் கேட்பதில்லை.

பதிவுக்கு உத்யம் சான்று, பான், ஜிஎஸ்டி சான்று, ரத்து செய்த காசோலை, வங்கிக் கணக்கு அறிக்கை, உரிமையாளர் அல்லது பங்குதாரர்களின் அடையாள, முகவரிச் சான்றுகள் போதும். தனியார் லிமிடெட் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானம் சேர்க்க வேண்டும். கடைசியில் மாஸ்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்து. இதில் மாட்டுவது பெயர். பானில் "இண்டஸ்ட்ரீஸ்", உத்யமில் "இண்டஸ்ட்ரி", வங்கியில் சுருக்கெழுத்து என்று இருந்தால் சரிபார்ப்பு நிற்கும். முதலில் உத்யமையும் ஜிஎஸ்டியையும் பானோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்.

உண்மையான முட்டுக்கட்டை உங்கள் சொந்த வங்கி. சிசி லிமிட் (வங்கி தரும் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு) வைத்திருப்பவர்கள் சரக்கையும் வர வேண்டிய பில்களையும் வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஏற்கெனவே ஈட்டில் உள்ள பில்லை இன்னொருவருக்கு விற்க முடியாது. வங்கியின் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வேண்டும். கிளை மேலாளர் கையில் இது முடியாது, மண்டல அலுவலகம் போகும், வாரக்கணக்கில் இழுக்கும். கடிதத்தில் மூன்று விஷயங்களைத் தெளிவாக எழுதினால் வேகமாக நகரும்: எந்த வாங்குபவரின் பில்கள் மட்டும் தளத்துக்குப் போகும், அந்தப் பணம் சிசி கணக்கிலேயே வரவாகும், மாத ஸ்டாக் ஸ்டேட்மென்டில் விற்ற பில்கள் கழித்துக் காட்டப்படும். மூன்றாவதை மறைத்தால் ஒரே பில்லை இரண்டு இடத்தில் ஈடு வைத்தது போலாகும். விற்ற பில்கள் செர்சாய் என்ற மத்திய ஈட்டுப் பதிவேட்டில் பதிவாகின்றன, பிடிபடாமல் இருக்காது. பில்லை விற்றால் டிராயிங் பவர், அதாவது சிசியில் அப்போது எடுக்கக்கூடிய தொகை, அந்த அளவு குறையும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 90 நாள் தாண்டிய பாக்கியை வங்கிகள் பொதுவாக டிராயிங் பவரில் சேர்ப்பதில்லை. ஆகவே நீண்ட தவணை வாங்குபவரின் பில்லைத் தளத்துக்கு அனுப்பிவிட்டு, குறுகிய தவணைப் பில்களை சிசியில் வைப்பது லாபம்.

அடுத்து வாங்குபவர். அவர் அதே தளத்தில் இருக்க வேண்டும். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் ட்ரெட்ஸில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு ஆணையிட்டது. அதற்கு முன் வரம்பு 500 கோடி. ஆனால் சேர்வது வேறு, பில்லை ஏற்பது வேறு. லாகின் எடுத்து வைத்துவிட்டு ஒரு பில்கூட ஏற்காத கம்பெனிகள் உண்டு. ஆணையால் ஒருவரைக் கதவு வரை கூட்டி வரலாம். உள்ளே வந்து கையெழுத்துப் போட அவருக்கு ஆதாயம் தெரிய வேண்டும். வட்டியை முழுவதும் விற்றவர் ஏற்கலாம், வாங்குபவர் ஏற்கலாம், பாதிப் பாதி என்றும் வைக்கலாம். நாங்கள் வட்டியை எங்கள் பக்கம் ஏற்றோம். அதற்குப் பதிலாக, சரக்கு சேர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் பில்லை ஏற்க வேண்டும் என்று பிஓ நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். எல்லாமே அந்த ஒரு வரியில்தான் நின்றது. ஏற்காத பில் வெறும் காகிதம், ஏற்ற பில் விற்கக்கூடிய சொத்து.

ஏற்பு தாமதமாவதற்குக் கெட்ட எண்ணம் அரிதாகவே காரணம். பெரும்பாலும் ஜிஆர்என், அதாவது சரக்கு வந்து சேர்ந்ததற்கு வாங்குபவர் போடும் பதிவு, காரணம். டிசியில் (சரக்கோடு போகும் டெலிவரி சலானில்) 500, வாங்குபவரின் இன்வர்டில் எண்ணியது 496 என்றால் பில் நிற்கும். பிஓவில் பழைய விலை, பில்லில் திருத்திய விலை என்றாலும் நிற்கும். பிஓ திருத்தம் கைக்கு வரும் முன் புது விலையில் பில் போடாதீர்கள். பில் எண்ணில் சாய்கோடு, இடைக்கோடு மாறினாலும் வாங்குபவரின் மென்பொருள் அதை வேறு பில்லாக எடுக்கும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் எப்படியும் மின்ரசீது போட வேண்டும். அதில் உள்ள எண்ணை அப்படியே தளத்தில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதோடு டிடிஎஸ் பிடித்தம் போக வரும் நிகரத் தொகைக்குத்தான் தளத்தில் பில் ஏற்ற வேண்டும், மொத்தத் தொகைக்கு ஏற்றினால் திரும்பி வரும்.

ரிஜெக்‌ஷன் இன்னும் நுட்பமானது. இன்ஸ்பெக்‌ஷனில் தேறிய பாகம் அசெம்ப்ளி லைனில் கழிக்கப்படலாம். வாங்குபவர் தளத்தில் பில்லை ஏற்றுக்கொண்ட பிறகு தொகையைக் குறைக்க முடியாது. எனவே அதற்குப் பின் வரும் டெபிட் நோட் (கழித்த பாகத்துக்கான பிடித்தச் சீட்டு) அடுத்த பில்லில்தான் நேராகும் என்று இரு தரப்பும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். இது பேசப்படாத இடத்தில் வாங்குபவரின் அக்கவுண்ட்ஸ் பிரிவு பயந்து எல்லாப் பில்லையும் ஒரு மாதம் நிறுத்தி வைக்கும்.

இனி ஏலம். வட்டி விகிதம் வாங்குபவரின் தரத்தைப் பொறுத்தது, உங்கள் பட்டறையின் தரத்தைப் பொறுத்ததல்ல. நல்ல மதிப்பீடு பெற்ற கம்பெனியின் கடன் தகுதியில் பத்து பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் பணம் கிடைக்கிறது. நிதியாளர்கள் ஒவ்வொரு வாங்குபவருக்கும் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். காலாண்டு முடிவில் எல்லா வெண்டார்களும் ஒரே நேரத்தில் பில் ஏற்றுவதால் வரம்பு நிரம்பி, வட்டி ஏறும் அல்லது யாருமே கேட்க மாட்டார்கள். மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஏற்றினால் கேட்பவர் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். 4,80,000 ரூபாய் பில், கெடு 45 நாள், ஆறாம் நாளில் ஏற்பு, மீதி 39 நாள். ஏலத்தில் 9 சதவீதம் வந்தால் வட்டி 4,616 ரூபாய். இதனுடன் தளக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். அந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அதே 39 நாளுக்கு நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் வெளியில் வாங்கினால் 12,480 ரூபாய். வாங்குபவரே சீக்கிரம் தருகிறேன் என்று 2 சதவீதம் தள்ளுபடி கேட்டால் 9,600 ரூபாய். 2 சதவீதம் சின்னதாகத் தெரியும், 39 நாளுக்கு என்றால் ஆண்டுக்குப் பதினெட்டு சதவீதத்துக்கு மேல்.

இந்த வித்தியாசத்துக்கு எந்த மானியமும் காரணமில்லை. 2021 வரை, பில் வாங்குவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட என்பிஎஃப்சிகளுக்கு மட்டுமே இத்துறையில் வங்கிகளோடு இடமிருந்தது. அந்த ஆண்டு திருத்தம் மற்ற என்பிஎஃப்சிகளுக்கும் கதவைத் திறந்தது. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி, ஒருவர் கேட்ட வட்டியைப் பெயர் சொல்லாமல் மற்றவர்களுக்குக் காட்டவும், வாங்கிய பில்லை நிதியாளர்கள் தங்களுக்குள் மறுவிற்பனை செய்யவும் அனுமதித்தது. கேட்பவர் கூடக்கூட வட்டி இறங்கும், சந்தையில் தக்காளிக்கு நடப்பதுதான் இங்கும். ஜூஜூவாடியில் வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் நின்ற காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, 2017 ஜூலையில் அது போனபோது என்ன மாறியது என்று தெரியும். தடையை எடுத்ததே பெரிய உதவி. பில் சந்தையிலும் அரசு செய்ய வேண்டியது இதே வகை வேலைதான். ஒப்பந்தத்தை மீறினால் சீக்கிரம் தீர்ப்பு, தன் துறைகளும் நிறுவனங்களும் வாங்கிய சரக்குக்கு உடனடி ஏற்பு. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் சிறுதொழில் கொள்முதலை ட்ரெட்ஸ் வழியாகவே தீர்க்க வேண்டும் என்று அறிவித்ததை நாங்கள் வரவேற்கிறோம். அரசு தன் கைப்பணத்தைச் சரியாகக் கொடுப்பதற்குப் போடும் விதி அடுத்தவர் வியாபாரத்தில் தலையிடுவதாகாது.

தளத்தில் இல்லாத வாங்குபவரைக் கேட்கும்போது பர்ச்சேஸ் பிரிவுக்கு எழுதாதீர்கள். அவர்களுக்கு விலைதான் கண்ணில் படும். நிதிப் பிரிவுக்கு எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கம் போதும். வட்டி எங்கள் பக்கம், உங்கள் தவணை மாறாது, எங்கள் பாக்கி உங்கள் புத்தகத்தில் 45 நாளைத் தாண்டி நிற்காது, அரையாண்டுக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்குப் போடும், 45 நாள் தாண்டிய பாக்கிகளைக் காட்டும் எம்எஸ்எம்ஈ-1 படிவத்தில் எங்கள் பெயர் வராது என்ற நான்கையும் எழுதுங்கள். உங்கள் உத்யம் எண்ணையும் கடைசி ஆறு மாத பில்களின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் ஜிஆர்என் தேதி, பணம் வந்த தேதி போட்டு இணையுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மறுபதில் வந்தது.