கொடி முத்திப்போச்சாம்

வெண்டைக்காய் முத்தினால் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிடலாம். நஞ்சுக்கொடி முத்தினால் என்ன செய்வது? போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு அப்போது 34 வாரம் 5 நாள். வளர்ச்சி ஸ்கேன் எடுக்க தருமபுரி போனோம். முதலில் ‘எஃப்’ படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன் என்று. எங்கள் மாவட்டத்தில் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் எத்தனை கதை இருக்கிறது என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்கச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் இங்கேயும் கொண்டுவந்தது சும்மா இல்லை. அது போகட்டும்.

ஸ்கேன் பத்து நிமிடத்தில் முடிந்தது. ரிப்போர்ட்டை உறையில் போட்டு, “டாக்டர்கிட்ட காட்டிக்குங்க” என்று கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு சனிக்கிழமை. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். இடையில் இரண்டு ராத்திரி.

நர்சிங் படிக்கிற நாத்தனார் மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவள் உடனே போன் செய்து படித்தாள்: “பிளசென்டா கிரேடு 3 மெச்சூரிட்டின்னு போட்டிருக்கு அத்தை. கால்சிஃபிகேஷனும் இருக்காம்.” அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். “கிரேடு 3தான் கடைசி. கொடி முத்திடுச்சு, சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

பக்கத்தில் இருந்த மாமியார் காதில் ‘சுண்ணாம்பு’ மட்டும் விழுந்தது. “சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்க. நீ பாட்டுக்கு தினமும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை முழுங்கிட்டிருக்கே.” அன்றிரவே மாத்திரைப் பட்டை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. கேழ்வரகிலும் சுண்ணாம்புச் சத்துதானே, அதனால் களியும் கிடையாது. களியும் கீரைக் குழம்பும் தின்று வளர்ந்த உடம்புக்கு இரண்டு நாள் சோறும் ரசமும். சொல்லப்போனால் மாமியாரின் கணக்கில் எனக்கே அப்போது தப்பு தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேறு, “கொடி முத்திடுச்சுன்னா புள்ளையும் முத்திடுச்சுன்னுதானே அர்த்தம், எடுத்துடச் சொல்லு” என்றார்.

திங்கட்கிழமை டாக்டர் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. முதலில் என் அட்டையைப் புரட்டி 11ஆம் வாரத்தில் எடுத்த ஸ்கேனைத் தேடினார். மூன்றாம் மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் போடும் தேதிதான் நம்பகமானது, வாரக் கணக்கு தப்பாக இருந்தால் மற்ற எல்லாமே தப்பாகத் தெரியும் என்றார். தேதி சரியாக இருந்தது. அப்புறம் பிரஷர் பார்த்தார், 110/70. சிறுநீரில் புரதம் இல்லை. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிக்கிறார்களா என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். 36 வாரத்துக்கு முன்பே கிரேடு 3 வந்தால் தாய்க்கு ரத்த அழுத்தம், புகை, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு இவற்றைத்தான் முதலில் சந்தேகப்படுவார்களாம்.

பிறகு பேனாவை எடுத்து ரிப்போர்ட்டில் வேறு இரண்டு வரிகளை வட்டமிட்டார். குழந்தையின் எடை 2,230 கிராம். அந்த வாரத்துக்குச் சராசரியை விடக் கொஞ்சம் குறைவு, ஆனால் வரம்புக்குள். (ஸ்கேனில் சொல்லும் எடை பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்பதை யாரும் எனக்கு அதுவரை சொல்லவில்லை.) பனிக்குட நீர் 11 செ.மீ. வயிற்றை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தண்ணீரின் ஆழத்தை அளந்து கூட்டுகிற கணக்கு அது. 5க்குக் கீழே போனால்தான் கவலையாம்.

“டாப்ளர் மட்டும் பார்த்துடலாம்” என்று அன்றைக்கே எடுக்கச் சொன்னார். தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. குழந்தையின் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் தளரும்போதும் ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓட்டம் நின்றாலோ திரும்பினாலோதான் விஷயம் பெரிது. திரையில் வரிசையாகச் சின்னச் சின்ன மலைகள் வந்தன, நடுவில் எங்கேயும் தரையைத் தொடவில்லை. சரியாக இருக்கிறது என்றார்கள்.

என் வீட்டுக்காரர் தக்காளி போடுகிறவர். “அப்ப இது செங்காயா, பழமா மேடம்?” என்று கேட்டேவிட்டார். டாக்டர் சிரித்துவிட்டு வரைந்து காட்டினார். நஞ்சின் மேற்பரப்பு வழவழவென்று இருந்தால் 0. லேசாக அலை அலையாகி அங்கங்கே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் 1. கமா போட்ட மாதிரி பள்ளம் பாதிவரை இறங்கினால் 2. பள்ளம் அடிவரை போய் நஞ்சைத் திட்டுத் திட்டாகப் பிரித்தால் 3. 1979இல் கிரானம் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் வகுத்தது. நஞ்சின் முதிர்ச்சியை வைத்து குழந்தையின் நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம் என அந்தக் காலத்தில் நினைத்தார்களாம். அது பிறகு எடுபடவில்லை. கொடி முதிர்வது வேறு, குழந்தை முதிர்வது வேறு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், “மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியாம்மா?” என்று கேட்டார்.

சொன்னேன். நல்ல திட்டு விழுந்தது. நஞ்சில் படிகிற சுண்ணாம்பு வயதாவதால் வருவது, மாத்திரையாலோ களியாலோ வருவதில்லை; நிறுத்தினால் உனக்கும் பிள்ளைக்கும்தான் நஷ்டம் என்றார். இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடாதே என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் மாதக்கணக்கில் இரண்டையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரே வேலை, அசைவை எண்ணுவது. சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார். எழுத வேறு நோட்டு இல்லாததால் மண்டிக் கணக்கு நோட்டிலேயே எழுதினேன். ‘தக்காளி 14 பெட்டி’ என்று அவர் எழுதிய வரிக்குக் கீழே, ‘10 அசைவு, 50 நிமிஷம்’ என்று என் கையெழுத்து.

இரண்டு வாரம் கழித்து வேறு இடத்தில் மறு ஸ்கேன். எடை 2,650 கிராம். தண்ணீர் 10. நஞ்சு: கிரேடு 2.

“முத்தினது எப்படி இளசாச்சு?” என்றார் மாமியார். எனக்கும் அதே கேள்விதான். டாக்டருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கிரேடு என்பது படத்தைப் பார்க்கிறவர் கண் போடும் மார்க். ஒருவருக்கு 2 என்று படுவது இன்னொருவருக்கு 3 என்று படும் என்றார். நான் இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தது ஒருவர் போட்ட மார்க்குக்காக. முதல் ஸ்கேன் எடுத்தவர் உறையோடு சேர்த்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆவணியில், 39 வாரம் முடிந்து, சுகப் பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ. நஞ்சு முழுசாக வந்துவிட்டதா என்று நர்சம்மா தட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தடிமனாக, கருஞ்சிவப்பாக இருந்தது. சுண்ணாம்பு எங்கே என்று கேட்டேன். கையுறை போட்ட விரலால் ஓர் ஓரத்தைத் தேய்த்துக் காட்டினார். ரவையைத் தூவிய மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பொடிப்புள்ளிகள். “எல்லாருக்கும் இருக்கும்மா” என்றார்.

வார்டுக்கு வந்ததும் இதை மாமியாரிடம் சொன்னேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப கிரேடு எத்தனையாம்?”