விறகுக்குப் போகவிருந்த வைரம்

எங்கள் தெருமுனைத் தச்சுப் பட்டறையில் கதவு நிலைகளை அளவுக்கு அறுத்தபின் மிஞ்சும் கட்டைகளைச் சாக்கில் கட்டி விறகுக்கு எடைபோட்டு விற்றுவிடுவார்கள். அப்படி ஒரு சாக்கைப் பிரித்தபோது, நன்றாக வைரம் பாய்ந்த தேக்கும் வேங்கையும் வாகையும் அரையடி, முக்காலடித் துண்டுகளாகக் கிடந்தன. அத்தனை ஆண்டுகள் நின்று வைரமேறிய மரம் ஒரு வேளை அடுப்போடு முடிவதை மனம் ஏற்கவில்லை. அன்றிலிருந்து அந்தத் துண்டுகளில் மேசைக்கு வேண்டிய பேனாத் தாங்கி, கைப்பேசித் தாங்கி, காகிதப் பாரம் ஆகியவற்றைச் செய்து வருகிறேன்.

பழைய வீட்டை இடித்த மரமும் அந்தச் சாக்கில் கலந்திருக்கும். "தம்பி, ஆணி இருக்கான்னு பார்த்துட்டு ரம்பத்தை வைங்க" என்று பட்டறைப் பெரியவர் முதல் நாளே சொன்னார். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கட்டையின் நான்கு பக்கமும் மெல்ல நகர்த்தினால், தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணியும் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஆணியைப் பிடுங்கிய இடத்தில் இரும்பு ஊறிக் கருத்த வளையம் ஒன்று நிற்கும். அதை நான் மறைப்பதில்லை.

கைப்பேசித் தாங்கியில்தான் நான் அதிகம் கற்றேன். முதல் முறை, கட்டையின் ஓரத்தை ஒட்டி, மரநார் ஓடும் போக்கான இழைக்குக் குறுக்கே, கைப்பேசியைச் செருகும் பள்ளமான காடியை எடுத்தேன். உளியால் அடிப்பகுதியைச் சுத்தம் செய்யும்போதே முன்பக்க உதடு பிஸ்கட்டைப் போல் உடைந்து விழுந்தது. அந்த உதட்டில் இழை அரை அங்குல நீளம்கூட ஓடாததால் அதற்குத் தாங்கும் வலுவே இருக்கவில்லை. இப்போது இழை ஓடும் திசையிலேயே காடி எடுக்கிறேன். நான்குக்கு மூன்று அங்குல நிலைச்சட்டத்தில் ஐந்து அங்குலம் அறுத்துக்கொண்டால் இதற்குப் பொருத்தமான கட்டை தானாகவே அமைந்துவிடுகிறது. காடி நேர்குத்தாக இல்லாமல் ஏறத்தாழ 20 பாகை பின்சாய்ந்திருக்க வேண்டும். 16 செ.மீ. உயரக் கைப்பேசி அவ்வளவு சாயும்போது அதன் எடை மையம் கிட்டத்தட்ட 3 செ.மீ. பின்னால் போகிறது. ஆகவே காடியை முன்விளிம்புக்கு அருகில் வைத்து, பின்னால் குறைந்தது இரண்டு அங்குலம் மரம் விட்டால்தான் தாங்கி மல்லாந்து விழாமல் நிற்கும்.

சிறு துண்டுகளை ஒட்டிப் பெரிதாக்கும்போது தேக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப் பசை கோந்தைப் பிடிக்கவிடாது என்பதால், ஒட்டும் முகத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த உடனே ஒட்டுகிறேன். இறுக்கிப் பிடிக்கக் கருவி இல்லாத நாட்களில் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினேன். இன்றும் சாய்வான துண்டுகளுக்கு அதையே நம்புகிறேன். இரு துண்டுகளின் இழையும் ஒரே திசையில் ஓடவேண்டும், ஏனென்றால் மரம் அகலவாக்கில்தான் சுருங்கி விரியும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியவை கோடையில் விரிசல் விடுகின்றன.

உப்புத்தாளைச் சொரசொரப்பான 80ஆம் எண்ணில் தொடங்கி 120, 180, 220 என்று படிப்படியாக, இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். வாகைத் தூள் மூக்கை வெகுவாக உறுத்தும், முகக்கவசம் இல்லாமல் தேய்க்கக் கூடாது. மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். அது காயாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றில் இறுகிப் படலமாகும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், ஆகவே கொடியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் சேர்க்கிறேன்.

வேங்கை ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும். மெருகு பூசாமல் நான் மேசையில் வைத்த முதல் காகிதப் பாரம், மழைக்காலத்தில் ஜன்னலோரம் நனைந்து, அடியிலிருந்த மின்கட்டண ரசீதில் தன் சதுர வடிவை அப்படியே பதித்துவிட்டது. அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன்.