ந.க. எண் விழும் வரை

சாதிப் பாகுபாடு பற்றிப் புகார் எழுதிக்கொண்டு வரும் மாணவர் முதலில் நிற்பது பல்கலைக்கழக அலுவலகத்தின் தபால் பிரிவு ஜன்னலில்தான். மனுவில் தேதி முத்திரை குத்தி, ந.க. எண் (கோப்பின் பதிவு எண்) போட்டு, நகலில் ஒப்புதல் கையெழுத்துத் தர வேண்டும். "இதையெல்லாம் எதுக்குப்பா எழுத்துல, போய் சாரைப் பார்த்துப் பேசிடு" என்று அங்கேயே திருப்பிவிடப்படும் மனு எந்தக் கணக்கிலும் வராது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிகள், புகார் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முடிவு சொல்லச் சொல்கின்றன. எண் விழாத மனுவுக்கு முதல் நாளே பிறப்பதில்லை.

அந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிலைக்குக் குறையாத ஒருவர் பாகுபாடு எதிர்ப்பு அலுவலராக இருக்க வேண்டும். அவர் முடிவின் மேல் நிறுவனத் தலைவரிடம் முறையிடலாம். சாதிப் பாகுபாட்டுக்கு ஆளாகி உயிரை மாய்த்துக்கொண்டதாகப் புகார் எழுந்த ரோகித் வெமுலா, பாயல் தட்வி என்ற மாணவர் இருவரின் தாய்மாரும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனதே இந்த விதிகள் ஏட்டில் மட்டும் இருக்கின்றன என்றுதான். 2026 ஜனவரியில் மானியக் குழு புது விதிகளை அறிவித்தது. அதே மாதம் நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது.

வரும் மனுக்களில் பெரும்பாலானவை 'நெறியாளர் (ஆய்வு வழிகாட்டி) சாதி பார்க்கிறார், மன உளைச்சல்' என்ற அளவில் நிற்கும். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உட்காரவைத்து எழுதிவாங்குவது அலுவலகத்தின் வேலை. எந்தத் தேதி, எந்த அறை, சொன்ன சொல் அப்படியே எது, யார் காதில் விழுந்தது, அதன்பின் எது தடைபட்டது? வசைச்சொல்லை நாகரிகம் கருதி 'தகாத வார்த்தை' என்று மாற்றி எழுதும் பழக்கம் நம் எழுத்தர்களிடம் உண்டு. விசாரணையில் அந்த வரிக்கு மதிப்பே இருக்காது.

சாதி பார்த்தேன் என்று எவரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. 2012 விதிகள் சொல்லும் பாகுபாடுகளைப் பாருங்கள்: ஆய்வகத்தில் வேலை தராமல் சும்மா உட்காரவைப்பது, ஆசிரியரைச் சந்திக்க ஒருவருக்கு ஒரு நேரமும் மற்றவருக்கு வேறு நேரமும் தருவது, வகுப்பில் 'கோட்டா' என்று அடையாளப்படுத்துவது. முதல் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் நிறுவ முடியும். அதே நெறியாளரிடம் உள்ள மற்ற ஆய்வு மாணவர்களின் அத்தியாயங்கள் எத்தனை நாளில் திரும்பின, உதவித்தொகைப் படிவத்தில் யாருக்கு எந்தத் தேதியில் கையெழுத்து விழுந்தது, கருவிப் பயன்பாட்டுப் பதிவேட்டில் யார் பெயர் எத்தனை முறை இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தானே தெரியும். சில சமயம் எல்லோருக்குமே ஐந்து மாதம் தாமதம் என்று தெரியவரும். அது வேறு வியாதி. அதையும் உத்தரவில் எழுதத்தான் வேண்டும். இந்தப் பதிவேடுகள் துறையிலேயே கிடக்கும் என்பதால் முதல் வாரத்திலேயே நகலெடுத்து முத்திரையிட வேண்டும். கேமராப் பதிவு இன்னும் அவசரம். சில வாரங்களில் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறிவிடும்.

பல கோப்புகள் கெட்டுப்போவது ஒரே குறிப்பால்: 'துறைத்தலைவரின் கருத்துரைக்கு அனுப்பலாம்.' நல்ல எண்ணத்தில் எழுதப்படும் வழக்கமான வரிதான். ஆனால் மாலைக்குள் மனு துறை முழுக்கச் சுற்றும். நான்காம் நாள் 'தவறான புரிதலால் எழுதினேன், புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்று ஒரு கடிதம் வரும், பெரும்பாலும் துறை அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்தது. அப்படி வந்த கடிதத்தை வைத்துக் கோப்பை மூடக் கூடாது. மாணவரைத் தனியே அழைத்துக் கேட்டு, அவர் சொன்னதைப் பதிவு செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்குப் புகாரின் நகல் கட்டாயம் போக வேண்டும். அது பாகுபாடு எதிர்ப்பு அலுவலரிடமிருந்து மூடிய உறையில், பதில் தரக் கெடுவுடன் போகட்டும். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து 'சமாதானம்' பேசுவது விசாரணை ஆகாது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் என்றால் காவல் நிலையம் போகும் உரிமை மாணவருக்கு உண்டு. 'எங்கள் விசாரணை முடியட்டும்' என்று நிறுத்திவைக்க அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை. முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணை தேவையில்லை என்று அந்தச் சட்டத்தின் 2018 திருத்தம் சொல்கிறது. மாறாக, மூடிய அறையில் வேறு யாரும் கேளாமல் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது, பொதுப் பார்வையில் நடக்கவில்லை என்பதால் அந்தச் சட்டத்தின் இழிவுரைப் பிரிவில் நில்லாமல் போகலாம். அதற்காகப் பல்கலைக்கழக விசாரணையை மூடிவிட முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்கிற அலுவலகங்கள் அதிகம்.

முடிவை 'நிரூபிக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் தந்தால் மேல்முறையீட்டில் நிற்காது. எந்த ஆவணம் பார்த்தோம், யார் சாட்சியை ஏன் ஏற்றோம், ஏன் ஏற்கவில்லை என்று உத்தரவு பேச வேண்டும். நெறியாளரை மாற்றுவது, விடைத்தாளை வெளியாளிடம் கொடுத்துத் திருத்துவது போன்ற இடைக்கால ஏற்பாடுகளை 60 நாளுக்குக் காத்திராமல் முன்பே செய்யலாம். ஆனால் விடுதி அறையை மாற்றிக்கொள்ளும்படி புகார் கொடுத்தவரிடமே சொல்வார்கள். அது அவருக்கே தண்டனை.

கோப்பை முடித்து ஆவண அறைக்கு அனுப்பியபின் நாட்குறிப்பில் மூன்று தேதிகளை மட்டும் தனியே குறித்துவைக்கிறோம்: அடுத்த உதவித்தொகைப் படிவம், அடுத்த ஆய்வுக் குழுக் கூட்டம், ஆய்வேட்டுச் சுருக்கம் தர வேண்டிய நாள். கையெழுத்துக்காக மாணவர் மறுபடி அலைவது அங்கேதான்.